என் வீட்டுக்காரர் அடித்த முப்பத்தாறு

"இந்தத் திருகாணியில யார் கை வெச்சது?"

மீட்டர் சோதிக்க வந்த குக் இப்படிக் கேட்டபோது நான் அடுப்பிலிருந்து பார்லி டீயை இறக்கிக்கொண்டிருந்தேன். ஜனவரிக் கடைசி, சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள், காலை பத்து மணிகூட ஆகவில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு டிகிரி. கடைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்ததால் கொஞ்சம் சூடு இருந்தது.

"நான்தான் வெச்சேன். என் கடையில வேற யார் வெப்பா?" என்றார் என் வீட்டுக்காரர் சாங்-பே.

"அதுமேல நான் ஒட்டின முத்திரைக் காகிதம் இருந்துச்சே அண்ணே."

"இருந்துச்சு. கிழிச்சேன்."

குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எங்கள் கடை ஹெங்க்யே ஊருக்குள், கணவாய்க்குப் போகும் சாலையில் இருக்கிறது. டயர் மாற்றுவோம், பஞ்சர் ஒட்டுவோம், காற்று அடிப்போம். குக் வோன்ஜுவிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வருவார். டயர் கடைகளில் இருக்கும் காற்று மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் அவர் வேலை. அக்டோபரில் வரவேண்டியவர். பழம் பறிக்க மரத்தில் ஏறி விழுந்து கால் முறிந்துபோனதால் இப்போதுதான், அதுவும் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார்.

எங்களிடம் காற்றின் அளவைச் சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். சுவரில் மாட்டிய புது மெஷின் ஒன்று. எண்ணை அழுத்தினால் அதுவே அடித்து, அதுவே நிற்கும். நீளக் குழாய் வைத்த பழைய கை மீட்டர் ஒன்று. மூன்றாவது, மரப்பெட்டிக்குள் பட்டுத்துணியில் படுத்திருக்கும் பெரிய மீட்டர். அதை எந்த டயரிலும் வைக்கமாட்டோம். திங்கட்கிழமைதோறும் மற்ற இரண்டும் அதன் முன்னால் வந்து நிற்கவேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் "பெரியவர்" என்றுதான் சொல்வார். "பெரியவர் என்ன சொல்றார்னு பார்ப்போம்" என்பார்.

அந்தப் பெரியவரின் திருகாணியைத்தான் அவர் திருகியிருந்தார்.

குக் தன் கருவியை மேசைமேல் வைத்தார். எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய், அதன் தலையில் ஒரு தட்டு. தட்டில் இரும்பு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இவ்வளவு எடை என்றால் இவ்வளவு அழுத்தம். அதில் முள்ளும் கிடையாது, திரையும் கிடையாது. முப்பது பவுண்டு அழுத்தத்துக்கு உரிய வில்லைகளை அடுக்கிவிட்டுப் பெரியவரை அதில் மாட்டினார்.

பெரியவரின் முள் முப்பத்தாறில் போய் நின்றது.

கை மீட்டரை மாட்டினார். முப்பத்தாறு.

சுவர் மெஷினின் குழாயை இழுத்து மாட்டினார். திரையில் சிவப்பாக எரிந்தது: முப்பத்தாறு.

"பாருங்க!" என்று தொடையைத் தட்டினார் என் வீட்டுக்காரர். "மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. உங்க இரும்பு வில்லைதான் தேஞ்சுபோச்சு."

"மூணு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க அண்ணே. ஒரே பொய்யை."

நான் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"எப்போ திருகினீங்க?"

"நவம்பர்ல. புது மெஷின் முப்பத்தாறுன்னு சொல்லுச்சு. பெரியவரும் கை மீட்டரும் முப்பதுன்னு சொன்னாங்க."

"அப்போ ரெண்டு பேர் ஒரு பக்கம், ஒருத்தன் ஒரு பக்கம். நீங்க அந்த ஒருத்தன் பேச்சைக் கேட்டீங்க."

"அந்த ரெண்டு பேருக்கும் இருபத்தி ரெண்டு வயசு ஆச்சே! வயசாச்சுன்னா சேர்ந்துதானே கண்ணு மங்கும்? எனக்கும் இவளுக்கும் ஒரே வருஷத்துல மங்கல?" என்று என்னைக் காட்டினார். "அதான் ரெண்டு பேரையும் புது மெஷினுக்குச் சரியா திருகி வெச்சேன். அன்னிலேருந்து ஒவ்வொரு திங்களும் மூணும் ஒத்துப்போகுது. ஒரு புள்ளிகூடப் பிசகல."

"எப்படிப் பிசகும்? ஒருத்தனைப் பார்த்துத்தானே மத்த ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க."

குக் சுவர் மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டுச் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஏதோ பெயர்ந்து வந்தது. முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"இது என்ன, கஞ்சி மாதிரி இருக்கு? புளிச்ச வாசனை வேற."

டம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். மெஷின் வந்த அன்று, கடை வாசலில் பூசை போட்டோம். பன்றித் தலை, பழம், நூல் சுற்றிய பனிக்கருவாடு எல்லாம் வைத்தோம். புதுக் கார் வாங்கினால் நாலு சக்கரத்துக்கும் அரிசியில் காய்ச்சிய கள்ளை ஊற்றுவது வழக்கம். என் வீட்டுக்காரர், "மெஷினுக்கு வேண்டாம் விடு" என்றார். நான்தான், "காருக்குச் சக்கரம் இருக்கு, சக்கரத்துல ஊத்தறோம். இதுக்குச் சக்கரம் இல்லையே, தலையிலதான் ஊத்தணும்" என்று ஒரு கிண்ணம் நிறைய, தாராளமாக, மெஷினின் தலையில் கவிழ்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

"பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்குது பாருங்க," என்றார் குக். "அது வழியாத்தான் இது வெளிக் காத்தை மோந்து பார்க்கும். கள்ளு அதுக்குள்ள இறங்கி, அடியில இருக்குற தகட்டோட காஞ்சு ஒட்டிக்கிச்சு. காயக் காயத் தகட்டைப் பின்னாடி இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. ஆறு கூட்டிச் சொல்லுது. யார் ஊத்தினது?"

நான் விழுந்த டம்ளரை எடுக்கக் குனிந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது வருடத்தில் அவர் எனக்காகச் செய்த பெரிய உபகாரங்களில் அது ஒன்று.

ஆனால் அடுத்த நொடி இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு வந்துவிட்டது.

"யுன்-சோலம்மா," என்றார். குரலே மாறிப்போயிருந்தது. "அவ எத்தனை மணிக்குக் கிளம்பினா?"

"ஒன்பதரைக்கு."

யுன்-சோல் எங்கள் ஒரே மகள். மாப்பிள்ளைக்குப் பனிச்சறுக்கு மலையில் வேலை, பண்டிகைக்கு விடுமுறை கிடையாது. அதனால் ஏழு மாதக் குழந்தை ஹாரமைப் பின் சீட்டில் கட்டி உட்காரவைத்துக்கொண்டு, அவள் மட்டும் போஹாங்கில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள். கணவாயில் இறங்கி, கடலோர நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் போகவேண்டும். கார் இவர் ஓட்டிவிட்டு அவளுக்குக் கொடுத்த பழைய நீலக் கார். சக்கரத்துக்குள் சென்சார் வைக்கவேண்டும் என்று சட்டம் வருவதற்கு முன்னால் செய்தது. காற்று குறைந்தால் சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் நாலு டயருக்கும் இவர்தான் தன் கையால் காற்று அடித்தார். "நாலும் முப்பத்தாறு. கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்று அவளிடம் சொன்னதும் இவர்தான்.

"இங்க சூட்டுல அடிச்சது முப்பது," என்று குக் கணக்குப் போட்டார். "வெளியில இந்தக் குளிர்ல இன்னும் நாலு போயிடும். இருபத்தாறு. அதுல புள்ளை, சாமான், பண்டிகைச் சீர் எல்லாம் ஏத்திக்கிட்டு நூறுல ஒரு மணி நேரம் ஓடினா, டயரோட பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும்..."

"அப்புறம்?"

"போனைப் போடுங்க அக்கா."

போட்டேன். மணி அடித்தது, அடித்தது, அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். ஹாரம் தூங்கிவிட்டால் அவள் போனின் வாயைக் கட்டிப் பைக்குள் போட்டுவிடுவாள். என் வீட்டுக்காரர் தன் போனை எடுத்தார். விரல் தவறி இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

"மாப்பிள்ளைக்குப் போடுங்க," என்றார் குக்.

"அவர் மலை உச்சியில இருப்பார். சிக்னல் எங்க?"

"அப்போ மத்தவங்க?" என்றார் குக் மெதுவாக. "மூணு மாசமா இந்த மெஷின்ல காத்து அடிச்ச மத்த வண்டிகள்?"

நவம்பரில் பனி டயர் மாற்ற ஊரே எங்கள் கடைக்கு வந்தது. நேற்று மட்டும் முப்பது வண்டிக்குமேல் இருக்கும். பண்டிகைக்காக எல்லோரும் இன்று காலை கணவாயில் இறங்குகிறார்கள்.

யாரிடம் முதலில் சொல்வது? கை தானாகப் பியோ அக்கா நம்பருக்குப் போனது. கருவாடு காயவைக்கும் களத்துக்காரி. போனில் எனக்குக் காது சரியாகக் கேட்காது. எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

"அக்கா, கிளம்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லடி. கிழங்கு அடை சுட்டுக்கிட்டு இருக்கேன். ஏன், எண்ணெய் ஏதாவது வேணுமா?"

"அக்கா, வண்டியை எடுக்காதீங்க. டயர்ல காத்து கம்மியா இருக்கு. எங்க மீட்டர் தப்பு. ஆறு கம்மி."

"ஓ, அதா? அது தெரியுமேடி."

"என்னக்கா தெரியும்?"

"உங்க வீட்டுக்காரர் அடிச்சா ஆறு கம்மியா இருக்கும்னு. கீழ போங்கோட பெட்ரோல் பங்க்ல நிறுத்தி ஆறு ஏத்திக்குவோம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

என் வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னா எல்லாரும்தான். நவம்பர்ல என் மருமகன் வந்தானே, வண்டியில டயர் விளக்கு எரியுதுன்னு? உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாராம்? 'குளிர்ல சென்சாருக்குக் கண்ணு தெரியாது, அந்தப் பொம்மையை நம்புறியா என்னை நம்புறியா'ன்னாராம். அவன் பாவம் என்ன சொல்லுவான்? 'உங்களைத்தான் நம்புறேன் மாமா'ன்னு சொல்லிட்டு நேரா போங் பங்க்குக்குப் போயிட்டான்."

"ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லக்கூடாதாக்கா?"

"எப்படிடி சொல்றது? முப்பது வருஷமா நம்ம ஊர் டயரைத் தொட்ட மனுஷன். முகத்துக்கு நேரா உன் மீட்டர் பொய்னு சொல்ல முடியுமா? ஏடி, இதை அவர்கிட்ட சொல்லிடாதே, மனசு கஷ்டப்படுவார்."

அவர் என் பக்கத்தில்தான் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

நவம்பரில் இரண்டு வாரம் ஆளாளுக்கு விளக்கு எரிகிறது என்று வந்தார்கள். அப்புறம் ஒருவரும் வரவில்லை. "பார்த்தியா, ஊருக்கே புரிஞ்சுபோச்சு" என்று இவர் அன்றைக்கு மார்தட்டினார். ஊருக்குப் புரிந்தது இதுதான்.

மா என்ற பல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் மரியாதைக்காரர். "நீங்க வேணும்னேதான் கம்மியா வெக்கிறீங்கன்னு நினைச்சேன். பனியில பிடிமானத்துக்கு ஏதோ உங்க தொழில் ரகசியம்னு... நானும் போங்கிட்டதான் ஏத்திக்கிட்டேன். மன்னிக்கணும்."

மன்னிக்கவேண்டுமாம்! நாங்கள் தப்பு செய்ய, அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

"போங்கைக் கூப்பிடு," என்றார் என் வீட்டுக்காரர்.

போங் கணவாய் இறங்கும் முனையில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பண்டிகைக்குப் பண்டிகை பேரிக்காய்ப் பெட்டி அனுப்புவான். போன வாரம்கூட வந்து இதே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனான்.

"அக்கா, புத்தாண்டு வாழ்த்து!"

"போங், நீ எங்க இருக்கே?"

"சோக்சோவுல, மாமியார் வீட்ல. நேத்து சாயங்காலமே பங்க்கை மூடிட்டு வந்துட்டோம்."

"மூடிட்டியா? காத்து மெஷின்?"

"கரண்டையும் அணைச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அக்கா... விஷயம் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"காலையிலேருந்து நாலஞ்சு பேர் போன் போட்டுட்டாங்க. பங்க் மூடியிருக்கே, காத்துக்கு என்ன பண்றதுன்னு. மச்சான்கிட்ட சாவி குடுத்து அனுப்பியிருக்கேன். ரோட்டுல பனி, வந்து சேர நேரமாகும்."

"யுன்-சோல் போன் பண்ணாளா?"

"இல்லக்கா. நம்ம ஆளுங்க சில பேர் காத்திருக்கேன்னாங்க. சில பேர் அவசரம், அப்படியே போறோம்னு போயிட்டாங்க. யுன்-சோல் வந்தாளான்னு தெரியல."

"போங்," என்று குறுக்கே வந்தார் என் வீட்டுக்காரர். "மூணு மாசமா நீ என் டயருக்கெல்லாம் காத்து அடிச்சிருக்கே."

"அண்ணே, அது சும்மா காத்துதானே" என்றான்.

இவர் போனை என் கையில் திணித்துவிட்டு, வண்டியில் கொண்டுபோகும் சின்னக் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். தொப்பிகூடப் போடவில்லை. குக் தன் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தார். வோன்ஜுவில் சோதித்துக் கொண்டுவந்த அவருடைய சொந்த மீட்டர். கோலை ஊன்றிக்கொண்டு அவரும் வந்து எங்கள் லாரியில் ஏறினார். நான் நடுவில்.

"நீங்க எதுக்கு?" என்றேன்.

"முத்திரை என்னோடது. கிழிஞ்சதைப் பார்த்துட்டுச் சும்மா டீ குடிக்க முடியுமா?"

பத்து நிமிடம்தான் தூரம். துடைப்பான் முன்கண்ணாடியில் கரகரவென்று போய் வந்தது. நான் அவள் நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு கார் சாய்ந்து நின்றால், எனக்கு முன்னால் இவர் தலை திரும்பியது. நீலமா? வெள்ளை. அடுத்தது நீலமா? சாம்பல்.

"அவளுக்குச் சென்சாரும் இல்லையே," என்றார் கடைசியில். "மத்தவங்களுக்காவது அந்தப் பொம்மை சொல்லுச்சு. இவகிட்ட நான் மட்டும்தானே சொன்னேன். அதை நம்பி..."

முடிக்கவில்லை. நான் மறுபடியும் அவள் நம்பரை அழுத்தினேன்.

முனை திரும்பியதும் பங்க் தெரிந்தது. ஷட்டர் இறங்கியிருந்தது. விளக்கு எரியவில்லை. ஆனால் அதன் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தும் எங்கள் ஊர் வண்டிகள். ஐந்துக்கும் பனி டயர் மாட்டியது என் வீட்டுக்காரர்.

நாலாவது நீலம்.

"இருக்கா," என்றேன். "நிக்குறா! இதோ நிக்குறா!"

இவர் லாரியை நிறுத்தவில்லை, பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி ஒரு முழம் சறுக்கி நின்றது.

எங்கள் லாரியைப் பார்த்ததும் அந்த வரிசைக்கு வந்த கலவரத்தைச் சொல்லவேண்டும். வெளியே நின்று கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், திருடப் போன இடத்தில் வீட்டுக்காரனைப் பார்த்தவர்கள்போல் விழித்தார்கள்.

"அண்ணே! நீங்களா? நாங்க சும்மா காப்பி குடிக்க நிறுத்தினோம்," என்றார் உருளைக்கிழங்கு வியாபாரி யோம். கையில் காப்பி இல்லை. காப்பி மெஷின் ஷட்டருக்குள் இருந்தது.

"நான் மலையைப் போட்டோ எடுக்க," என்றான் முதல் வண்டிக்காரன். பனிமூட்டத்தில் மலையே தெரியவில்லை.

மூன்றாவது வண்டிக்காரர் எதுவும் தோன்றாமல் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். ரப்பர் பூட்ஸுக்குக் கயிறு ஏது?

இவர் யாரையும் பார்க்காமல் நேராக நீலக் காருக்குப் போனார். யுன்-சோல் கதவைத் திறந்து இறங்கினாள். ஹாரம் பின்னால் தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது...?"

"போனை எடுக்கமாட்டியா நீ!" என்று நான் கத்திவிட்டேன். கத்தினதும் அழுகை வந்துவிட்டது.

"ஹாரம் தூங்கறான்ம்மா."

இவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ எதுக்கு இங்க நின்னே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் வண்டியில சென்சார் கிடையாது. விளக்கு எரியாது. நான் முப்பத்தாறுன்னு சொன்னேன். நீ எதுக்கு இங்க நின்னே?"

"உங்க மாப்பிள்ளைதான் சொன்னார்ப்பா. அவர் வண்டியில எப்பவும் ஆறு கம்மியா காட்டுது, உன்னோடதும் அப்படித்தான் இருக்கும், போங் மாமாகிட்ட ஏத்திக்கிட்டுப் போன்னு."

"எப்பலேருந்து?"

"நவம்பர்லேருந்து."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

"என் கடையிலேருந்து கிளம்பி, கை ஆட்டிட்டு, நேரா இங்க வந்து?"

"அப்பா, நீங்க..." அவள் குரல் உடைந்தது. "அவர் ஒரு தடவை உங்ககிட்ட சொன்னார். நீங்க ரெண்டு நாள் சாப்பிடல. அம்மாவைக் கேளுங்க."

எனக்கு அது இப்போதுதான் உறைத்தது. நவம்பரில் இரண்டு நாள் வயிறு சரியில்லை என்று கஞ்சிகூட வேண்டாம் என்றாரே, அது வயிறு இல்லை.

மகள் பத்திரமாக நிற்கிறாள். பேரன் மூக்கில் சளி காய்ந்து தூங்குகிறான். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மகள் பிழைத்தது அப்பா பேச்சைக் கேட்காததால் என்பதை ஒரு மனிதன் எந்த இடத்தில் வைத்துக்கொள்வான்?

அவர் திரும்பினார். ஐந்து வண்டிக்கும் நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, இடுப்புவரை குனிந்தார். நிமிரவே இல்லை.

"என் மீட்டர் பொய் சொல்லுச்சு. நான்தான் அதைப் பொய் சொல்ல வெச்சேன். மூணு மாசமா என் தப்பை உங்களைச் சுமக்க வெச்சிருக்கேன்."

"ஐயோ அண்ணே, நிமிருங்க!"

"ஆறுதானே அண்ணே, பெரிய விஷயமா?"

"பெரிய விஷயம்தான்," என்றார் குக், கோலைப் பனியில் ஊன்றி. "இப்போ யாரும் சமாதானம் சொல்லாதீங்க. வண்டிங்க கிளம்பணும்."

கம்ப்ரஸர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. இவர் முதலில் நீலக் கார் பக்கம்தான் குழாயை இழுத்தார். யுன்-சோல் தடுத்தாள். "அவங்கல்லாம் எனக்கு முன்னாடி வந்து நிக்கறாங்கப்பா." வரிசைப்படி முதல் வண்டியிலிருந்து தொடங்கினார். பனியில் முழங்கால் போட்டு வால்வு மூடியைக் கழற்றுவார், குக்கின் மீட்டரை வைப்பார், எண்ணைச் சத்தமாகச் சொல்வார். "இருபத்தஞ்சு!" "இருபத்தாறு! இருபத்தஞ்சு!" எல்லாம் அவர் நேற்று முப்பத்தாறு என்று சொல்லி அனுப்பியவை.

இரண்டாவது யோமின் வண்டி. புதுசு, முன்னால் பெரிய திரை. நாலு டயருக்கும் அடித்து முடித்ததும் யோம் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"முப்பத்தாறு அண்ணே! நாலும் அச்சு அசலா முப்பத்தாறு!"

குக் சிரித்துவிட்டார். "அய்யா, வண்டி உருளாம சென்சார் புது நம்பரைக் காட்டாது. இப்போ அதுல பழசுதான் இருக்கும்."

யோம் முகம் சிவந்துபோனது. எட்டிப் பார்த்தேன். திரையில் இருபத்தாறுதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து அவர் ஜன்னல் பக்கம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"யோம், அந்த வளைவு வரைக்கும் ஓட்டிட்டு வா. திரும்பி வந்து, அது என்ன காட்டுதோ அதைச் சொல்லு. நான் காட்டச் சொன்னதை இல்லை."

யோம் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கண்ணாடியை இறக்கினார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல் எச்சில் விழுங்கினார்.

"மூணு முப்பத்தாறு. பின்னாடி வலதுல... முப்பத்தஞ்சு."

"ஒண்ணு கூடக் குறைய சென்சார்ல இருக்கும். தப்பில்லை," என்றார் குக்.

"முப்பத்தஞ்சுன்னு சொல்ல இவ்வளவு பயமாடா உனக்கு?"

"பயம் இல்லண்ணே. சங்கடம்."

"போ. புத்தாண்டு நல்லா இருக்கட்டும்."

மூன்றாவது வண்டி போனது. ஐந்தாவது வண்டிக்காரருக்கு அவசரம், அப்பா ஆஸ்பத்திரியில் என்று அவரை முன்னால் விட்டாள் யுன்-சோல். அதுவும் போனது. காத்திருக்காமல் போனவர்களில் இரண்டு பேரை நான் போனில் பிடித்துவிட்டேன். முதல் ஓய்விடத்தில் ஏற்றிக்கொண்டார்களாம். ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. அவர் நம்பரை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நீலக் கார்தான் மிச்சம்.

இவர் நாலு டயருக்கும் அடித்தார். விரலெல்லாம் வெளுத்திருந்தது. வால்வு மூடி நாலையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வழக்கமாக இந்த இடத்தில்தான் "கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்பார்.

மீட்டரை யுன்-சோலிடம் நீட்டினார்.

"நீ பாரு."

"எதுக்குப்பா? நீங்க அடிச்சா..."

"உன் வண்டியில சொல்றதுக்கு வேற யாரும் இல்லை. நீயே வெச்சுப் பாரு. என்ன இருக்கோ அதைச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, முன் சக்கரத்துக்கு அருகே குந்தினாள். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று போனது.

"முப்பத்தாறு."

அடுத்தது. "முப்பத்தாறு."

பின்பக்கம் போனாள். "முப்பத்தாறு."

நாலாவது சக்கரத்தில் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். மீட்டரைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். கம்ப்ரஸர் நின்றுவிட்டிருந்தது. காருக்குள் ஹாரம் விழித்துக்கொண்டு சிணுங்கினான்.

அவள் வாய் "முப்பத்..." என்று தொடங்கி நின்றது. எந்த எண்ணைச் சொல்லப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வாயிலிருந்து ஆவியே வரவில்லை.

"முப்பத்தி நாலுப்பா," என்றாள். "பின்னாடி இடது. இன்னும் ரெண்டு வேணும்."

"முப்பத்தி நாலா?"

"முப்பத்தி நாலு."

அவர் மூடிகளை என் கையில் கொட்டினார். மறுபடியும் பனியில் முழங்கால் போட்டுக் குழாயை இழுத்தார்.